திருநெல்வேலியா, நாகர்கோவிலா: ஓய்வுக்குப் பின் குடியேறுவதற்கு ஓர் ஒப்பீடு

திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவுதான். இடைநில்லாப் பேருந்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்ததும் மண்ணின் நிறம், காற்றின் ஈரம், வயலின் பசுமை, வீட்டுக் கூரையின் சாய்வு எல்லாமே மாறிவிடுகின்றன. சென்னையிலோ பெங்களூரிலோ வளைகுடா நாடுகளிலோ நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டுத் தெற்கே திரும்ப எண்ணும் குடும்பங்களில் இந்த இரண்டு ஊர்களில் எது என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. எங்கள் வீட்டிலும் எழுந்தது. எனக்குப் பூர்வீகம் அம்பாசமுத்திரம் பக்கம், மனைவிக்கு நாகர்கோவில். இரு பக்கமும் உறவினர்கள் இருக்கிறார்கள், இரண்டு ஊரிலும் சொந்தமாக மனை கிடையாது, எண்பது வயதைக் கடந்த என் தாயார் எங்களுடன் இருக்கிறார். ஆகவே எந்தப் பக்கமும் சாயாமல் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய கட்டாயமும், அதற்கான வாய்ப்பும் எங்களுக்கு இருந்தன.

பெரும்பாலானவர்கள் இந்த ஒப்பீட்டை விடுமுறைக்கு வந்த நாட்களின் நினைவிலிருந்து செய்கிறார்கள். ஜூலை மாதத்துச் சாரலில் நாகர்கோவிலைப் பார்த்தவருக்கு வேறு எந்த ஊரும் கண்ணில் படாது. ஜனவரி மாத மாலையில் திருநெல்வேலி மாநகரின் பகுதியான பாளையங்கோட்டையின் அகலமான தெருக்களில் நடந்தவருக்கு அங்கேயே வீடு பார்க்கத் தோன்றும். குடியிருக்கப் போகிறவர் ஆண்டின் பன்னிரண்டு மாதங்களையும் அந்த ஊரில்தான் கழிக்க வேண்டும். ஆகவே ஒவ்வோர் ஊரையும் அதன் மிக மோசமான வாரங்களைக் கொண்டு எடைபோடுவதே சரி என்று நான் கருதுகிறேன். அந்த வாரங்கள் திருநெல்வேலிக்கு ஏப்ரல், மே மாதங்களில் வருகின்றன. நாகர்கோவிலுக்கு அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் வருகின்றன.

முதலில் வெயிலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் வயதானவர்கள் உள்ள வீட்டில் இதுவே முதல் கேள்வி. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தைத் தடுத்து மேற்கிலேயே இறக்கிவிடுவதால், மலைக்குக் கிழக்கே சமவெளியில் இருக்கும் திருநெல்வேலிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரிய மழை கிடையாது. காற்று மட்டும் பலமாக வீசும். தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் பிடிக்கும்போது நகரத்தின்மீது மேகம் கவிந்து ஓரளவு குளிர்ச்சி தரும். ஊர் நம்பியிருக்கும் மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான். கோடையில் பாளையங்கோட்டையில் 38, 39 டிகிரி வெப்பம் சாதாரணம், 40ஐத் தாண்டும் நாட்களும் உண்டு. பகலெல்லாம் வெயில் குடித்த மொட்டை மாடி நள்ளிரவு வரை அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். மாடியில் குடியிருக்கும் முதியவர்கள் இரவுத் தூக்கம் இழப்பது இங்கே ஆண்டுதோறும் நடப்பது. குளிர்சாதனம் இல்லாமல் கோடையைக் கழிக்க முடியும் என்று அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் சொல்வார்கள். எழுபது வயதுக்கு மேல் புதிதாக வந்து குடியேறுகிறவர் அதை நம்பித் திட்டமிடக் கூடாது.

கன்னியாகுமரி மாவட்டமோ இரு பருவமழைகளையும் பெறுகிறது. கடலும் மலையும் நெருங்கி நிற்பதால் நாகர்கோவிலில் கோடையிலும் 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் குறைவு. ஜூன் தொடங்கினால் சாரல், அதன் பிறகு ஐப்பசி மழை என்று ஊர் ஈரமாகவே இருக்கும். கன்னிப்பூ, கும்பப்பூ என்று நாஞ்சில் நாட்டு உழவர்கள் இரண்டு போகம் நெல் விளைவித்ததற்கு இந்த மழையும் பேச்சிப்பாறை அணையும் காரணம். ஆனால் ஈரத்துக்கும் விலை உண்டு என்பதை அங்கே வீடு வைத்திருப்பவர்கள் அறிவார்கள். வெளிச்சுவர்களில் பாசி படரும், அலமாரிக்குள் துணிகள் பூஞ்சை பிடிக்கும், மரச் சட்டங்களைக் கரையான் அரிக்கும், தட்டையான மாடித்தளம் சில ஆண்டுகளில் கசியத் தொடங்கும். மாடிக்கு மேல் தகரக் கூரை போட்ட வீடுகளை அங்கே தெருவுக்குத் தெரு காணலாம். அந்தச் செலவைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்க்க வேண்டும். மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கும் மூட்டு வலி உள்ளவர்களுக்கும் இந்த ஈரம் ஒத்துக்கொள்கிறதா என்பதை ஒரு மழைக்காலம் முழுவதும் அங்கே தங்கிப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். வறண்ட சூட்டில் நன்றாக இருக்கும் உடம்பும் உண்டு, ஈரக் குளிர்ச்சியில் நன்றாக இருக்கும் உடம்பும் உண்டு. இதில் பொதுவிதி எதுவும் சொல்ல முடியாது.

வெயிலுக்குப் பரிகாரம் தேடுவது ஈரத்துக்குப் பரிகாரம் தேடுவதைவிட எளிது என்பது என் கணிப்பு. திருநெல்வேலியின் வெயிலே மாடிச் சூரியத் தகடுகளுக்கு நல்ல விளைச்சல் தருகிறது. 2024இல் தொடங்கிய மத்திய அரசின் வீட்டுக்கூரைச் சூரிய மின் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. பகல் நேரக் குளிர்சாதனச் செலவின் பெரும்பகுதியை அதைக் கொண்டு ஈடுகட்ட முடியும். தனி வீடாக இருந்து, கிழக்கு மேற்குச் சுவர்களில் வெயில் நேரே படாமல் மரமோ நீண்ட சன்சேடோ இருந்தால், வீட்டுக்குள் இருக்கும் வெப்பம் கணிசமாகக் குறையும்.

தண்ணீரைப் பொறுத்தவரை, வெளியூர்க்காரர்களின் பொதுவான எண்ணம் இரண்டு ஊர்களிலும் பொய்த்துப்போகிறது. நாகர்கோவில் பசுமையான ஊர், ஆகவே அங்கே தண்ணீர்க் கவலை இருக்காது என்று நினைப்பார்கள். நகரத்தின் குழாய்த் தண்ணீர் நெடுங்காலமாக முக்கடல் அணையை நம்பி இருந்தது. அது சிறிய அணை. மழை தவறிய கோடையில் அதன் மட்டம் வேகமாக இறங்கும், அப்போது குழாயில் தண்ணீர் வரும் இடைவெளி நாட்கணக்கில் நீளும். மக்கள் தொகை பெருகியதால்தான் புத்தன் அணையிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் திட்டம் தேவைப்பட்டது. பழைய வீடுகளில் கிணறு இருப்பது பெரிய ஆறுதல். ஊரைச் சுற்றிலும் குளங்கள் இருக்கும்வரை கிணற்றில் ஊற்று நிற்கும். அந்தக் குளங்கள் சுருங்கிவருவது நாகர்கோவிலின் எதிர்காலத்தைப் பற்றிய என் முதல் கவலை. கிணறு உள்ள வீட்டுக்கும் கிணறு இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் இடையே அங்கே பெரிய வேறுபாடு உண்டு, அதை விலை பேசும்போது யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

திருநெல்வேலிக்குப் பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி இருக்கிறது. இரு பருவமழைகளும் ஆற்றின் பிறப்பிடத்தை நனைப்பதால், சமவெளியில் மழையே இல்லாத மாதங்களிலும் ஆற்றில் நீர் ஓடுகிறது. ஆற்றுப் படுகையின் உறைகிணறுகளிலிருந்தும், அரியநாயகிபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்தும் நகரத்துக்குத் தண்ணீர் வருகிறது. வெயில் கொளுத்தும் ஊருக்கு வற்றாத ஆறும் பசுமையான ஊருக்குச் சிறிய அணையும் அமைந்திருப்பதை இந்தப் பக்கத்துக்காரர்கள் நன்றாக அறிவார்கள். ஆனால் ஆறு ஓடுவதாலேயே எல்லாத் தெருவிலும் தண்ணீர் வந்துவிடாது. மாநகராட்சி எல்லையின் விளிம்பில் புதிதாக முளைத்த குடியிருப்புகளில் குழாய் இணைப்பு முழுமையாக எட்டாமல் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் தெருக்கள் உண்டு. பாறைப் பாங்கான அந்த நிலத்தில் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான் வரும். ஆற்றில் கழிவுநீர் கலப்பது இன்னும் நின்றபாடில்லை. அந்த ஆற்றைக் குடித்து வளர்ந்தவன் என்ற முறையில் இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். நகரத்தின் ஆகப் பெரிய செல்வத்தை நகரமே கெடுத்துக்கொண்டிருக்கிறது; அங்கே குடியேறுகிறவர்கள் அதை எதிர்த்துக் குரல் கொடுக்கவும் தயாராக இருக்க வேண்டும்.

பேரிடர் இரண்டு ஊர்களுக்கும் புதிதல்ல. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலோரத்தைத் தாக்கியபோது, கடலுக்குள் போன மீனவர்கள் பட்ட துயரம் யாரும் மறக்கக் கூடியதன்று. கரையிலும் ரப்பர், வாழை, தென்னை மரங்களோடு மின்கம்பங்களும் பெருமளவில் சாய்ந்து, பல ஊர்கள் நாட்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. 2021 நவம்பரில் பெய்த கனமழையில் பழையாற்றை ஒட்டிய தாழ்வான பகுதிகளில் வெள்ளம் புகுந்தது, ரயில் பாதையும் பாதிக்கப்பட்டது. ஆகவே ஒழுகினசேரி போன்ற ஆற்றோரப் பகுதிகளில் வீடு பார்ப்பவர்கள் அந்த நவம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அக்கம்பக்கத்தில் கேட்டுவிட வேண்டும்.

திருநெல்வேலியில் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நடந்தது இதைவிடப் பெரியது. அருகிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த நாட்களில், தாமிரபரணி கரை கடந்து ஜங்ஷன், சிந்துபூந்துறை, கைலாசபுரம், கொக்கிரகுளம் பகுதிகளுக்குள் புகுந்தது. மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகமே நீரில் நின்றது. அந்த வெள்ளம் நகரத்தின் மேடு பள்ளத்தைத் தெளிவாக வரைந்து காட்டிவிட்டுப் போனது. பாளையங்கோட்டையில் உள்ள ஹைகிரவுண்டு என்ற பெயரே அந்தப் பகுதியின் மேட்டைச் சொல்கிறது. பாளையங்கோட்டையின் மேட்டுப் பகுதிகள் ஆற்று வெள்ளத்திலிருந்து தப்பின. ஆனால் குளத்துக்குக் கீழே, ஓடையை அடைத்து எழுந்த குடியிருப்புகளில் மழைநீர் தேங்கியது. திருநெல்வேலியில் மனை வாங்குகிறவருக்கு நான் சொல்லும் முதல் யோசனை, அந்த இரண்டு நாட்களில் அந்தத் தெரு எப்படி இருந்தது என்பதைத் தரகரிடம் கேட்காமல் அந்தத் தெருவில் கடை வைத்திருப்பவரிடம் கேட்க வேண்டும் என்பதுதான்.

மருத்துவத்தில் இரு ஊர்களின் இயல்பும் நன்றாகப் பிரிகிறது. பாளையங்கோட்டையில் 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை ஊரார் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி என்றே அழைக்கிறார்கள். தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்தும், சில வேளைகளில் கன்னியாகுமரியிலிருந்தும்கூட நோயாளிகள் அங்கே வருகிறார்கள். அதைச் சுற்றியும் வண்ணார்பேட்டை, ஜங்ஷன் பகுதிகளிலும் தனியார் மருத்துவமனைகள் நிறைந்திருக்கின்றன. 1988 முதல் அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை இங்கே இயங்குகிறது. இவை பெரும்பாலும் சில கிலோமீட்டர் வட்டத்துக்குள் அடங்கிவிடுவது முதியவர்கள் உள்ள வீட்டுக்கு மிகப் பெரிய வசதி. என் தாயாருக்குக் கண், சிறுநீரகம், இதயம் என்று மூன்று வேறு மருத்துவர்களை மாதந்தோறும் பார்க்க வேண்டியிருக்கிறது. மூவரையும் ஆட்டோவில் போய்ப் பார்த்துவிட்டுப் பகலுணவுக்கு வீடு திரும்ப முடிகிற ஊர் எது என்று கேட்டுப் பார்த்தபோது, எங்கள் முடிவின் பாதி அங்கேயே உருவாகிவிட்டது.

நாகர்கோவிலைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மிஷனரிகள் 1838இல் நெய்யூரில் தொடங்கிய மருத்துவமனை இன்றும் இயங்கி, புற்றுநோய்ச் சிகிச்சைக்கு அறியப்பட்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, 70 கிலோமீட்டருக்குள் திருவனந்தபுரம் இருக்கிறது. இதயத்துக்கும் மூளை நரம்புகளுக்கும் பெயர்பெற்ற ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனமும், மண்டலப் புற்றுநோய் மையமும் அங்கே இருப்பதால், மிகச் சிக்கலான நோய்க்கு நாகர்கோவில்காரர் எட்டும் சிகிச்சை திருநெல்வேலிக்காரர் எட்டும் சிகிச்சையைவிடச் சில வகைகளில் மேலானது. திருநெல்வேலியிலிருந்து பெரிய சிகிச்சைக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தாண்டி மதுரைக்குப் போவதே வழக்கம். ஆனால் திருவனந்தபுரம் வேறு மாநிலத்தில் இருக்கிறது. உங்கள் காப்பீட்டு அட்டையோ ஓய்வூதியர் மருத்துவத் திட்டமோ அங்குள்ள மருத்துவமனையில் செல்லுமா என்பதைக் குடியேறுவதற்கு முன்பே எழுத்துவடிவில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அன்றாடப் பராமரிப்பு தேவைப்படும் முதியவருக்குத் திருநெல்வேலி, எப்போதாவது ஒரு பெரிய சிகிச்சை தேவைப்படக் கூடியவருக்கு நாகர்கோவில் என்று நான் இதைப் பிரித்துக்கொள்கிறேன்.

மனை விலையில் இருக்கும் வேறுபாடு வெளியூரிலிருந்து வருகிறவர்களைத் திகைக்க வைக்கும். நாகர்கோவில் சிறிய ஊர், ஆகவே மலிவாக இருக்கும் என்ற எண்ணத்தோடு வருகிறார்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாகர்கோவிலின் மக்கள் தொகை 2.25 லட்சம் அளவிலும், திருநெல்வேலியினுடையது அதைப் போல் இரு மடங்குக்கு மேலும் இருந்தன. ஆனால் மாவட்ட அளவில் பார்த்தால் கன்னியாகுமரியில் சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வசித்தார்கள். தென்காசி பிரிவதற்கு முந்தைய திருநெல்வேலி மாவட்டத்தில் 500 பேருக்கும் குறைவு. மலையும் காடும் கடலும் போக மிஞ்சிய சிறிய நிலத்தில் ஒரு வீடு முடியும் இடத்தில் அடுத்த வீடு தொடங்கிவிடுகிறது. வெளிநாட்டுப் பணமும் அங்கே மனைக்குத்தான் வந்து சேர்கிறது. இதனால் ஒத்த வசதியுள்ள பகுதிகளில் ஒரு சென்ட் நிலத்துக்கு நாகர்கோவிலில் கேட்கும் விலை பாளையங்கோட்டையைவிடப் பொதுவாக அதிகமாகவே இருக்கிறது. ஒரே தொகைக்கு அங்கே நான்கு சென்டில் நெருக்கமான வீடும், பாளையங்கோட்டைக்கு வெளிப்புறத்தில் தோட்டத்தோடு கூடிய வீடும் கிடைப்பதை எங்கள் தேடலில் கண்டோம்.

நாகர்கோவில் பக்கம் வாங்குகிறவர்கள் ஆவணங்களில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். 1956 நவம்பர் 1 வரை அந்தப் பகுதி திருவிதாங்கூர் – கொச்சி மாநிலத்தில் இருந்ததால், பழைய மூலப்பத்திரங்கள் சில மலையாளத்தில் இருக்கும். அவற்றைப் படித்துச் சொல்லக் கூடிய ஆவண எழுத்தரையோ வழக்குரைஞரையோ அமர்த்தாமல் முன்பணம் கொடுப்பது தவறு. வயலாக இருந்து மனையாக மாறிய நிலத்தில் அங்கீகாரம் உண்டா என்பதையும், குடும்பச் சொத்தில் பெண் வாரிசுகளின் கையொப்பம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். திருநெல்வேலியிலும் குளத்தின் நீர்ப்பிடிப்பில் போட்ட மனைகள் இருக்கின்றன. அங்கே வில்லங்கச் சான்றோடு கிராம வரைபடத்தையும் வாங்கிப் பார்ப்பது நல்லது.

போக்குவரத்தில் திருநெல்வேலிக்குத்தான் என் வாக்கு. மதுரை, தென்காசி, திருச்செந்தூர், நாகர்கோவில் என்று நான்கு திசைகளுக்கும் அங்கிருந்து ரயில் பாதை பிரிகிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய வந்தே பாரத் ரயிலில் எட்டு மணி நேரத்துக்குள் சென்னை போய்விடலாம். தூத்துக்குடி விமான நிலையம் பாளையங்கோட்டையிலிருந்து அரைமணி, முக்கால் மணித் தொலைவில் வாகைக்குளத்தில் இருக்கிறது. நாகர்கோவிலுக்கு 1979இல் முதலில் வந்த ரயிலே திருவனந்தபுரத்திலிருந்துதான் வந்தது. திருநெல்வேலியோடு இணைப்பு 1981இல்தான் கிடைத்தது, நிலையம் இன்றும் திருவனந்தபுரம் கோட்டத்தில்தான் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் நாகர்கோவிலுக்கும் சென்னையிலிருந்து வந்தே பாரத் வந்துவிட்டது, மதுரையிலிருந்து வரும் பாதை இரட்டைப் பாதையாகியும் விட்டது. ஆகவே சென்னைப் பயணத்தில் பழைய இடைவெளி இப்போது இல்லை. பிள்ளைகள் துபாயிலோ மஸ்கட்டிலோ இருந்தால் கணக்கு தலைகீழாகும்: திருவனந்தபுரம் பன்னாட்டு விமான நிலையம் நாகர்கோவிலிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் எட்டக் கூடியது. ஊருக்குள் நடமாடுவதில் நாகர்கோவில் சிரமம் தரும். குறுகிய, வளைந்த சாலைகளில் வாகனங்கள் பெருகிவிட்டன. களியக்காவிளை நோக்கிய நான்குவழிச் சாலைப் பணியோ பல ஆண்டுகளாக இழுபட்டுக்கொண்டிருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் இந்த இரண்டு ஊர்களில் எதைத் தேர்ந்தாலும் நட்டம் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893 முதல் கல்லூரியாக இயங்கிவருகிறது. பாளையங்கோட்டையில் தூய யோவான் கல்லூரி, சாராள் தக்கர் கல்லூரி, 1923இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி எல்லாம் ஒரு நடைத் தொலைவில் இருக்கின்றன; பார்வையற்றோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும் நூறாண்டு கடந்த பள்ளிகள் உள்ள ஊர் அது. அத்தகைய குழந்தை உள்ள பெற்றோருக்கு வேறு எந்த ஒப்பீடும் தேவைப்படாது. சித்த மருத்துவம், சட்டம், பொறியியல் என்று அரசுக் கல்லூரிகளின் வகையும் திருநெல்வேலியில் அதிகம். வேலை தேடும் வயதில் உள்ளவர்களுக்குக் கங்கைகொண்டான் தொழிற்பேட்டை நம்பிக்கை தருகிறது. அங்கே சூரியத் தகடு உற்பத்தி ஆலைகள் வந்திருக்கின்றன. மகேந்திரகிரி விண்வெளி ஆய்வு மையமும் கூடங்குளம் அணுமின் நிலையமும் இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்டவை.

சாப்பாட்டைச் சிறிய காரணம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். மனைவி பிறந்த வீட்டில் குளச்சல், முட்டம் கரைகளிலிருந்து காலையில் வந்த மீன் மதியம் தேங்காய் அரைத்த குழம்பில் இருக்கும். மட்டிப் பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது அவருக்குத் தனிப்பட்ட பெருமை. என் வீட்டுச் சொதியும் அவியலும் அவருக்குப் பழகியவை என்றாலும், மீன் விஷயத்தில் திருநெல்வேலி நாகர்கோவிலுக்கு ஈடாகாது என்பதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். பண்டிகைகளில் கிறிஸ்துமஸும் ஓணமும் கோட்டாறு சவேரியார் திருவிழாவும் அந்த ஊரின் ஆண்டை நிறைக்கின்றன. இங்கே நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரும் பாளையங்கோட்டைத் தசராவும். அண்டை வீட்டாரின் அன்புக்கு இரண்டு ஊரிலும் பஞ்சமில்லை.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்து நாங்கள் பாளையங்கோட்டையைத் தேர்ந்தோம். தாயாரின் மருத்துவத் தேவை, ஆற்றுத் தண்ணீர், மனை விலை ஆகிய மூன்றும் அந்தப் பக்கம் சாய்ந்தன. வெயில் ஒன்றுதான் எதிரே நின்றது. பெருமாள்புரம், மகாராஜநகர் பக்கம் தரைத்தள வீடாக, மேட்டில், மாநகராட்சிக் குழாய் இணைப்போடு இருக்க வேண்டும் என்பது எங்கள் நிபந்தனை. தாயார் எங்களுடன் இல்லாதிருந்தால், அல்லது மனைவிக்கு நாகர்கோவிலில் கிணற்றோடு கூடிய பழைய வீடு பங்காகக் கிடைத்திருந்தால், நான் தயங்காமல் கணவாயைத் தாண்டியிருப்பேன். ஆரோக்கியமாக இருக்கும், வெயில் தாங்காத, ஏற்கெனவே அங்கே மனை உள்ள தம்பதியருக்கு நாகர்கோவிலைத்தான் சொல்வேன். ஆசாரிபள்ளம், கோணம், பார்வதிபுரம் பகுதிகளில் தொடங்கித் தேடலாம். வளைகுடாவிலிருந்து திரும்பி, ஆண்டுக்கு இருமுறை பிள்ளைகளிடம் போய்வரப் போகிறவர்களுக்கும் அதுவே வசதி.

இன்னும் முடிவு எடுக்காதவர்கள் வாங்குவதற்கு முன் வாடகைக்கு இருந்து பார்ப்பது நல்லது. மார்ச் மாதத்தில் பாளையங்கோட்டையில் ஒரு தரைத்தள வீட்டை வாடகைக்கு எடுத்து மே முடியும்வரை இருங்கள். அக்டோபரில் நாகர்கோவிலுக்கு மாறி டிசம்பர் இறுதிவரை தங்குங்கள். இடைப்பட்ட மாதங்களில் எந்த ஊரிலும் மனைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள், ஏனெனில் இரண்டு ஊர்களும் தங்கள் அழகான முகத்தைக் காட்டுவதும் தரகர்கள் அதிகமாக அழைப்பதும் அந்த மாதங்களில்தான்.